ஆகஸ்ட் முப்பத்திநாலு

மற்ற இடங்களில் ஒரு மாதம் முடிந்தால் அடுத்த மாதம் தானாக வந்துவிடும். ஓட்டுநர் தகுதித் தேர்வு இயக்ககத்தில் அப்படி நினைத்தபடி வந்துவிட முடியாது. ஒவ்வொரு மாதமும் இருபத்தைந்தாம் தேதி, மாத வெளியீட்டுக் குழு கூடும். அடுத்த மாதத்துக்கு எத்தனை நாள், எந்த நாள் என்ன கிழமை, எது விடுமுறை என்று பரிசீலிக்கும். ஐந்து உறுப்பினர்களும் கையெழுத்துப் போட்டு, சுற்றறிக்கைக்கு எண் கொடுத்த பிறகுதான் அந்தக் கட்டிடத்துக்குள் அடுத்த மாதம் என்று ஒன்று உண்டு. பிப்ரவரிக்கு மட்டும் ஏன் இந்தப் பாரபட்சம் என்று கேட்டு ஒரு உறுப்பினர் எழுதிய குறிப்பு ஒன்பது வருடமாக நிலுவையில் இருக்கிறது.

இந்த இயக்ககத்தில்தான் அவள் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வயது இருபத்துநாலு. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். லேமினேட் செய்யக் கூடாது என்று பல்கலைக்கழகம் அச்சடித்துக் கொடுத்திருந்த சான்றிதழை அவள் அப்பா மறுநாளே இரண்டு பக்கமும் லேமினேட் செய்துவிட்டார். இயக்ககத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. கம்ப்யூட்டரம்மா என்றார்கள். அதில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு கிண்டல் என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

அவளுக்குக் கொடுத்த அறையில் அவளும் சர்வரும் இருந்தார்கள். சர்வருக்கு ஏசி. அவளுக்கு மேசை விசிறி. சர்வர் சூடானால் நின்றுவிடும், இவள் சூடானாலும் வேலை நடக்கும் என்று அலுவலகம் கண்டுபிடித்து வைத்திருந்தது.

வேலை இதுதான். இயக்ககத்தின் இணையதளத்தில் ஒரு காலண்டர் வைக்க வேண்டும். தேர்வுக்கு வருகிறவர்கள் காலியான நாளைத் தாங்களே தொட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவரைக்கும் தேதி கொடுப்பது கீழ்த்தளத்து நாலாம் ஜன்னல். அங்கே ஒரு அச்சடித்த புத்தகம் இருக்கும். ஒரு தேதிக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்துக்கு ஆறு வரி, ஒரு வரிக்கு ஒரு ஆள். காலை பத்தேகாலுக்கெல்லாம் ஜன்னல்காரர் தலையை வெளியே நீட்டி, "தேதி தீந்துபோச்சு" என்பார். வரிசையில் மீதி நிற்கிறவர்கள் வீட்டுக்குப் போவார்கள்.

அப்படி வீட்டுக்குப் போகிறவர்களில் அவள் அப்பாவும் ஒருவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஐம்பத்தைந்து வயது முடிந்ததால் மறுபடி ஒரு முறை ஓட்டிக் காட்டித் தேர்வாக வேண்டும். கையிலிருக்கும் உரிமம் ஆகஸ்ட் மாத இறுதி வரைக்கும்தான் செல்லும். அதற்குள் தேர்வு முடியாவிட்டால் வேன் வாசலிலேயே நிற்கும். பள்ளிக்கூடம் பதினாலு பிள்ளைகளையும் வேறு வண்டிக்கு மாற்றிவிடும். மாற்றிய பிள்ளைகள் திரும்பி வந்ததாக அந்தத் தொழிலில் யாரும் சொன்னதில்லை.

மூன்றாவது முறை அவர் வெறுங்கையோடு திரும்பும்போது மாடிப்படி அடியில் அவளைப் பார்த்தார். பார்த்தும் தெரியாதவர்போல் நடந்தார். அவள் ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"என்னப்பா, இன்னிக்கும் இல்லையா?"

"எனக்கு முன்னாடி நின்னவரோட சரி. அடுத்த வாட்டி கிடைச்சிடும்."

"நான் அந்த ஜன்னல்காரர்கிட்ட ஒரு வார்த்தை..."

"வாயைத் திறந்தீன்னா பாத்துக்க. மேல என் பொண்ணு இருக்கான்னு இங்க ஒருத்தனுக்கும் தெரியாது. அப்படியே இருக்கட்டும். பின்னாடி நிக்கிறவன் சும்மா விடுவானா?"

"அப்ப என்னை எதுக்குப் படிக்க வெச்சீங்க?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? படிச்சவ நீ. நீதான் சொல்லணும்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மாடி ஏறினாள். அன்றைக்கு மத்தியானத்துக்குள் காலண்டரை இணையதளத்தில் பொருத்திவிட்டாள்.

பொருத்தியதைச் சூப்பிரண்டிடம் காட்டினாள். சூப்பிரண்டு நல்ல மனிதர். தன் மேசைக்கு வரும் எந்தக் கோப்பையும் அவர் நிராகரித்ததில்லை, வைத்துக்கொள்வார். காலண்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஒரு நாளைத் தொட்டார். அது நீலமானது. இன்னொன்றைத் தொட்டார். அதுவும் நீலமானது. குழந்தைபோலச் சிரித்தார். பிறகு வலது மூலையில் இருந்த அம்புக்குறியைத் தொட்டார். செப்டம்பர் வந்தது. அவர் விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"செப்டம்பரை யாரும்மா குடுத்தா?"

"யாரும் குடுக்கல சார். அதுவா வரும்."

"அதுவா எப்படி வரும்? இன்னும் குழுவே கூடலியே."

"ஆகஸ்ட்டுக்கு அடுத்து செப்டம்பர்தானே சார்."

"வழக்கமா அப்படித்தான் முடிவு பண்றோம். அதுக்காக?"

அவர் மறுபடி அம்பைத் தொட்டார். அக்டோபர், நவம்பர். விரல் நிற்கவில்லை. வருடங்கள் ஓடின. தான் ஓய்வு பெறும் வருடம் வந்தது, தாண்டிப் போனது. கடைசியில் வியர்த்துப் போய் நாற்காலியில் சாய்ந்தார்.

"முன்னூறு வருஷம் போகுதும்மா இது. கையெழுத்து இல்லாம."

விஷயம் இயக்குநரின் அறைக்குப் போனது. இயக்குநர் அறையில் பதினெட்டு நாற்காலிகள் இருந்தன, ஒன்றுகூட அவருக்கு எதிரே நேராக இல்லை. அவள் நின்றுகொண்டே விளக்கினாள். நம் இணையதளத்தின் முறையில் பக்கம் முழுவதையும் இங்கே சர்வரே தயாரித்து, முடிந்ததும் அனுப்புகிறது. காலண்டர் வேறு வகை. அது பார்க்கிறவரின் திரையில் போய் உட்கார்ந்து அங்கேயே இயங்கும். அவர் தேர்ந்தெடுத்த பிறகு அந்த ஒரு தேதியை மட்டும் நமக்குச் சொல்லும்.

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அதாவது, அவங்க தேதி பாத்துக்கிட்டு இருக்கிறப்போ நமக்கு ஒண்ணும் தெரியாது?"

"தெரிய வேண்டியதில்ல சார்."

அறையில் இருந்தவர்கள் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு மேசையைப் பார்த்தார்கள். இயக்குநர் கோபப்படவில்லை. அவர் எப்போதும் கோபப்படுவதில்லை, உரையாற்றுவார்.

"இங்க பாரும்மா. முப்பத்தோரு வருஷ சர்வீஸ் எனக்கு. இதுவரைக்கும் ஒரு முடிவுகூட நான் எடுத்ததில்ல. பெருமைக்குச் சொல்லல, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எதுவா இருந்தாலும் குழுதான். அப்படி வளர்ந்த நிறுவனம் இது. தேதியைத் தூக்கி ஜனங்க கையில குடுத்தா என்ன ஆகும்? அவங்கவங்களுக்கு வசதியான நாளாப் பாத்து எடுத்துக்குவாங்க."

"அதுக்குத்தான் சார் காலண்டர்."

"அதைத்தான் நானும் சொல்றேன். நீ ஆபத்தைப் புரிஞ்சுக்கிட்டதுல சந்தோஷம்."

முடிவு இப்படிப் பதிவானது: காலண்டர் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு தொடுதலும் சர்வருக்கு வந்து, சர்வர் பார்த்து, பக்கத்தைப் புதிதாகத் தயாரித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். எந்த மாதம், எத்தனை நாள் என்பதையும் காலண்டர் சொந்தமாக முடிவு செய்யாமல் சர்வரில் உள்ள மாதப் பதிவேட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் அப்படியே செய்தாள். பதினாலாம் தேதியைத் தொட்டால் செய்தி சர்வருக்கு ஓடியது. சர்வர் முழுப் பக்கத்தையும் புதிதாகத் தயாரித்து அனுப்பியது. புதுப் பக்கம் வந்து விழுந்ததில் பழைய காலண்டர் அழிந்து, ஒன்றும் தேர்ந்தெடுக்காத புதுக் காலண்டர் முளைத்தது. மறுபடி பதினாலைத் தொட்டால் மறுபடி அதே கதை. எத்தனை முறை தொட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

தவறு நடந்திருக்கிறது, சரிசெய்ய ஒரு நாள் வேண்டும் என்று சொல்வதற்காக அவள் அதை இயக்குநரிடம் கொண்டுபோனாள். இயக்குநர் எட்டு முறை தொட்டுப் பார்த்தார். எட்டு முறையும் ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதல் தடவையா ஒரு சாஃப்ட்வேர் நம்ம நடைமுறையைப் புரிஞ்சுக்கிட்டிருக்கு," என்றார்.

அவள் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து பத்து வரைக்கும் எண்ணினாள். போதவில்லை, நூறு வரைக்கும் எண்ணினாள்.

உண்மையில் அதைச் சரிசெய்ய ஒரே ஒரு வரி போதும். காலண்டர் இருக்கும் பெட்டியின் மேல், பக்கத்தைப் புதுப்பிக்கும்போது இதை மட்டும் தொடாதே என்று சர்வருக்கு எழுதி வைக்க வேண்டும். அவள் எழுதினாள். காலண்டர் அழியாமல் நின்றது. தொட்ட தேதி தொட்டபடி இருந்தது. மறுநாள் அவளுக்கு மெமோ வந்தது. சர்வர் என்பது சொத்துப் பதிவேட்டின்படி இயக்குநர் பெயரில் உள்ள பொருள், அதற்குத் 'தொடாதே' என்று உத்தரவிட ஒப்பந்தப் பணியாளருக்கு அதிகாரம் உண்டா என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

"சர்வர் கோவிச்சுக்காது சார்," என்றாள் சூப்பிரண்டிடம்.

"அது கோவிச்சுக்காது. எங்களுக்குக் கோவம் வரலாமான்னுதான் ஃபைல் போயிருக்கு. நீங்க கவலைப்படாதீங்க. முடிவு வர்ற வரைக்கும் அந்த வரி அங்கயே இருக்கட்டும். பக்கத்தை மட்டும் யாருக்கும் திறந்து விடாதீங்க."

"எப்ப முடிவு வரும்?"

சூப்பிரண்டு அவளை அன்போடு பார்த்தார். அந்தக் கேள்வியை அவரிடம் யாராவது கேட்டுப் பல வருடமாகியிருக்க வேண்டும்.

இதற்குள் இருபத்தைந்தாம் தேதி வந்தது. மாத வெளியீட்டுக் குழுவில் ஒருவர் விடுப்பில் இருந்தார். நாலு பேரால் ஒரு மாதத்தை வெளியிட முடியாது. கூட்டத்தை ஒத்திவைத்தார்கள். ஐந்து பேருக்கும் எந்த நாள் தோதுப்படும் என்று அவரவர் டைரியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுதினார்கள்: செப்டம்பர் மாதத்தை வெளியிடுவது குறித்து முடிவெடுக்க, குழு செப்டம்பர் இரண்டாம் தேதி கூடும்.

தட்டச்சு செய்வதற்காக அது அவள் கைக்கு வந்தது. இரண்டு முறை படித்தாள். எடுத்துக்கொண்டு சூப்பிரண்டிடம் போனாள்.

"சார், செப்டம்பரே இன்னும் வெளியாகல. அதுல எப்படி மீட்டிங் வைப்பீங்க?"

சூப்பிரண்டு வாங்கிப் படித்தார். பேப்பரைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"கையெழுத்து ஆயிடுச்சேம்மா," என்றார்.

ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி வரைக்கும் அப்பா இன்னும் இரண்டு முறை வரிசையில் நின்றார். முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் வேனைக் கழுவித் துடைத்து, கீச்சென்று கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினார். அவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "நாளைக்கு ஸ்கூல் லீவு. சாயங்காலத்துக்குள்ள பசங்க வீட்டுக்கெல்லாம் ஃபோன் பண்ணிச் சொல்லிடணும்," என்றார். அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை இயக்ககம் திறந்தது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்தவர்கள் பேனாவோடு நின்றார்கள். செப்டம்பருக்குப் பக்கம் இல்லை. அரைமணி நேரத்தில் இயக்குநர் அறையிலிருந்து அவசர உத்தரவு வந்தது. சூப்பிரண்டே அதை வாசித்தார். புதிய மாதம் வெளியாகாத காரணத்தால், மறு உத்தரவு வரும் வரை நடப்பு மாதம் நீட்டிக்கப்படுகிறது. இன்று ஆகஸ்ட் முப்பத்திரண்டு. இந்த ஏற்பாடு, இணையதளக் காலண்டர் உட்பட, பொதுமக்கள் பார்வையில் படும் எல்லா இடங்களிலும் உடனடியாக நடைமுறைக்குக் கொண்டுவரப்பட வேண்டும்.

அவள் சர்வர் அறைக்குப் போய்ப் பதிவேட்டில் முப்பத்திரண்டு என்று போட்டாள். காலண்டர் அதை வாங்கிக்கொண்டு, முகம் சுளிக்காமல் செப்டம்பர் ஒன்று என்று காட்டியது. உலகத்திலுள்ள எல்லாக் காலண்டரும் அப்படித்தான் செய்யும்.

பின்னால் நின்ற சூப்பிரண்டு பதறிவிட்டார். "பாத்தீங்களா, நாம சொல்றதை மீறி அதுவா முடிவெடுக்குது. உத்தரவுல இருக்கிறதைக் காட்டச் சொல்லுங்க."

"முப்பத்திரண்டுன்னு ஒரு நாளே கிடையாது சார்."

"உத்தரவு இருக்கேம்மா."

கம்ப்யூட்டர் படித்தது இதற்குத்தானா என்று மனசுக்குள் வைதுகொண்டே அவள் எழுத ஆரம்பித்தாள். முப்பத்தொன்றுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பெட்டி வரைந்தாள். முப்பத்திரண்டு, முப்பத்திமூன்று, முப்பத்திநாலு. குழு எப்போது கூடுமோ, முப்பத்தியேழு வரைக்கும் போட்டு வைத்தாள். மேலே நிமிர்ந்து பார்த்தாள். ஒன்று முதல் முப்பத்தொன்று வரைக்கும் எல்லாப் பெட்டியும் சிவப்பு. எல்லாம் தீர்ந்துபோன தேதிகள். அதற்குக் கீழே ஆறு பெட்டிகள் வெள்ளை வெளேரென்று இருந்தன.

அவள் கை நின்றது.

நாலாம் ஜன்னலின் புத்தகத்தில் முப்பத்தொரு பக்கம்தான். இந்த ஆறு நாளை அங்கே யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. எழுதிக் கொடுக்க வரி இல்லை. அவள் உத்தரவை எடுத்து மறுபடி வாசித்தாள். இணையதளக் காலண்டர் உட்பட. பொதுமக்கள் பார்வையில் படும். உடனடியாக. கீழே பச்சை மையில் இயக்குநரின் கையெழுத்து.

ஜன்னல் வழியாகத் தேர்வு மைதானம் தெரிந்தது. அன்றைக்கு யாருக்கும் தேதி இல்லாததால் தேர்வாளர் இரண்டு கூம்புகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் இறங்கிப் போய்க் கேட்டாள்.

"சார், ஒரு நாளைக்கு உங்களால எத்தனை பேரைப் பாக்க முடியும்?"

"நானா? முப்பது பேரைப் பாக்கலாம்."

"அப்புறம் ஏன் ஆறு பேர்?"

"ஆறு வரிதானே இருக்கு," என்றார் அவர்.

அவள் ஓடி வந்து ஒரு நாளுக்கு முப்பது என்று போட்டாள். உத்தரவைக் கோப்பில் சொருகினாள். பக்கத்தைத் திறந்துவிட்டாள். நாலாம் ஜன்னலின் கீழே, யார் ஒட்டியது என்று தெரியாதபடி, இணையதள முகவரியைப் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டு வந்தாள். பிறகு அப்பாவுக்கு ஃபோன் செய்தாள்.

"சிபாரிசா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. ஊருக்கே திறந்திருக்கு. யார் வேணாலும் எடுத்துக்கலாம். உங்க ஃபோன்லயே பண்ணலாம்."

"லைசென்ஸ்தான் நேத்தோட முடிஞ்சுபோச்சே."

"அதுல என்ன எழுதியிருக்கு? ஆகஸ்ட் மாத இறுதி வரைன்னுதானே? மாசம் இன்னும் முடியலப்பா. உத்தரவு இருக்கு."

"இரு, கண்ணாடியைப் போட்டுக்கறேன்," என்றார். பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கும் சத்தம் கேட்டது. "முப்பத்திமூணு வேணாம்மா. அன்னிக்குப் பரீட்சை, பசங்களைப் பதினோரு மணிக்கே போய்க் கூட்டிட்டு வரணும். முப்பத்திநாலு போட்டுக்கறேன். அன்னிக்கு முழு நாள் ஸ்கூல், சாயங்காலம் போய்க் கூட்டிட்டு வந்தாப் போதும். நடுவுல வந்து ஓட்டிக் காட்டிட்டுப் போயிடலாம். தொட்டாச்சு. நீலமா இருக்கு. இதோட முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுப்பா."

"வேற யாரையும் பாக்க வேணாமா?"

"வேணாம்."

அவர் நம்பவில்லை. அரைமணி கழித்து மறுபடி பார்த்துவிட்டு, இன்னும் நீலமாகவே இருக்கிறது என்று ஃபோன் செய்தார்.

மத்தியானத்துக்குள் ஆறு வெள்ளைப் பெட்டிகளும் நிறைந்தன. நீட்டித்த நாட்களுக்குக் கிழமை ஒதுக்கப்படாததால் ஞாயிற்றுக்கிழமை எது என்று யாருக்கும் தெரியவில்லை, எல்லோரும் தினமும் வேலைக்கு வந்தார்கள். மைதானத்தில் வண்டிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. தேர்வாளர் கறுத்துப்போனார், ஆனால் சந்தோஷமாக இருந்தார். முப்பத்திநாலாம் தேதி பத்தரை மணிக்கு அவள் சர்வர் அறை ஜன்னலில் நின்று பார்த்தாள். ஒரு மஞ்சள் வேன் கூம்புகளுக்கு நடுவில் எட்டுப் போட்டது. பின்னால் வந்தது. மேட்டில் ஏறி நின்றது, உருளாமல் கிளம்பியது. ஒரு கூம்புகூட அசையவில்லை. வேனுக்குள்ளிருந்த ஆள் ஒருமுறைகூட மாடியைப் பார்க்கவில்லை.

முப்பத்தியேழாம் தேதி காலையில் இயக்குநருக்கு ஒரு விஷயம் உறைத்தது. அவருக்குப் பதவி உயர்வு ஆணை வந்திருந்தது. அது செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வரும். செப்டம்பர் இல்லாவிட்டால் எதிலிருந்து வரும்? மாத வெளியீட்டுக் குழு பத்து நிமிடத்தில் கூடியது. விடுப்பில் இருந்தவரை ஃபோனில் பிடித்தார்கள். கிழமைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. செப்டம்பர் பின்தேதியிட்டு முதல் தேதியிலிருந்து வெளியாகிறது என்றும், ஆகஸ்ட் முப்பத்திரண்டு முதல் முப்பத்தியேழு வரை நடந்தவை அனைத்தும் செல்லும் என்றும் தீர்மானம் போட்டார்கள். செல்லாது என்று போடலாம்தான். ஆனால் அந்த நாட்களின் வருகைப் பதிவேட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

விடைபெறும் உரையில் இயக்குநர் சொன்னார்: "ஆறே நாள்ல நூத்தியெண்பது தேர்வு. இந்த இயக்ககத்தோட சரித்திரத்துலயே இல்லாதது. இது எப்படி நடந்ததுன்னு கண்டுபிடிச்சு, இனிமே நடக்காம பாத்துக்கறதுக்கு ஒரு குழு போட்டிருக்கேன்."

கைதட்டல் எழுந்தது. அன்று அவளுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று பாராட்டு, ஒன்று மெமோ. இரண்டிலும் ஒரே கோப்பு எண். காலண்டரை ஆய்வுக்காக நிறுத்தினார்கள். நாலாம் ஜன்னலுக்குச் செப்டம்பர் புத்தகம் வந்தது, பக்கத்துக்கு ஆறு வரி. ஆனால் வரிசையில் நிற்கிறவர்கள் பழையபடி இல்லை. ஜன்னல்காரர் தலையை நீட்டித் தேதி தீர்ந்துபோச்சு என்றதும், "ஆகஸ்ட்ல பாருங்க, கீழ் வரிசையில ஏதாச்சும் காலி இருக்கும்," என்றார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. நாலாம் நாள் ஜன்னல்காரரே மாடி ஏறி வந்து, "அம்மா, அந்தக் கட்டத்தை மறுபடி திறந்து விட்டுடுங்களேன், கையெழுத்து வேணும்னா நான் போடறேன்," என்றார்.

அப்பாவின் புது உரிமம் அடுத்த வாரம் தபாலில் வந்தது. அவர் அதைப் பிரித்து, வேன் ஸ்டீயரிங் மேல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். அவள் பக்கத்து இருக்கையில் இருந்து எட்டிப் பார்த்தாள். வழங்கிய நாள், முப்பத்திநாலு ஆகஸ்ட். செல்லும் காலம் ஐந்து ஆண்டு. காலாவதியாகும் நாள், ஐந்தாம் வருடத்தின் முப்பத்திநாலு ஆகஸ்ட். எல்லாவற்றுக்கும் மேல் வட்ட முத்திரை.

"அப்பா, இதைக் குடுங்க. நான் போய் மாத்திட்டு வரேன். அஞ்சு வருஷம் கழிச்சு முப்பத்திநாலாம் தேதின்னு ஒண்ணு வரவே வராது."

அப்பா உரிமத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"தெரியும். அந்த நாள் வராட்டி லைசென்ஸும் முடியாதில்ல," என்று வண்டியைக் கிளப்பினார். முதல் பிள்ளை வாசலில் பையோடு நின்றுகொண்டிருந்தது.